தொட்டிக் காய்கறிகளுக்கு மெதுவாகக் கரையும் உரத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மாடித்தோட்டத்துக்கு உரம் வாங்கும்போது, பையில் அச்சிட்டிருக்கும் 14-14-14 போன்ற எண்களுக்கு (தழைச்சத்து எனும் நைட்ரஜன், மணிச்சத்து எனும் பாஸ்பரஸ், சாம்பல்சத்து எனும் பொட்டாஷ் ஆகியவற்றின் சதவீதம்) முன்னால் கவனிக்க வேண்டியவை இரண்டு: பயிர் எத்தனை மாதம் தொட்டியில் நிற்கும், மாடி எவ்வளவு சூடேறும்.

சிறுகீரையும் முளைக்கீரையும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடுவதால், அவற்றுக்கு நன்கு மக்கிய மண்புழு உரமே போதும். வெண்டை மூன்று மாதத்துக்கு மேலும், தக்காளி நான்கு மாதம் வரையிலும், கத்தரியும் மிளகாயும் ஆறு மாதமோ அதற்கு மேலுமோ நிற்கும். தினமும் நீர் ஊற்றும் தொட்டியில் எளிதில் கரையும் தழைச்சத்து அடித்துளை வழியே வெளியேறிவிடும் என்பதால், சிறிது சிறிதாகச் சத்தை விடும் உரம் இத்தகைய பயிர்களுக்கே உண்மையில் உதவுகிறது.

கடைகளில் கிடைக்கும் பூச்சு உர மணிகளில், கரையும் உரம் மெல்லிய பிசின் உறைக்குள் இருக்கிறது. உறை வழியே ஈரம் உள்ளே சென்று, சத்து கரைந்து வெளியே கசிகிறது. வெப்பம் கூடக்கூட இந்தக் கசிவு வேகமாகும். உரப் பையில் குறிப்பிடப்படும் மாதக்கணக்கு பெரும்பாலும் 21 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கணக்கிடப்பட்டது. சித்திரை, வைகாசி வெயிலில் சிமென்ட் தளத்தின் மேல் இருக்கும் கறுப்புச் செடிப் பைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே நான்கு மாதப் பயிருக்கு ஆறு மாத உரத்தை வாங்குவதே நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது. ஒரு லிட்டர் மண்கலவைக்கு 3 முதல் 5 கிராம் வரை இடுவது வழக்கம் என்றாலும், கோடையில் குறைந்த அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது; அளவு மிஞ்சினால் உப்பு சேர்ந்து இலை ஓரங்கள் கருகும். மணிகளை மேலே தூவாமல் நடவின்போதே கலவையில் சேர்க்க வேண்டும்.

இயற்கை வழியை விரும்புவோருக்கு வேப்பம் புண்ணாக்கையே முதலில் பரிந்துரைப்பேன். இதில் ஏறத்தாழ 5 சதவீதம் தழைச்சத்து இருப்பதோடு, வேர்முடிச்சு நூற்புழுக்களையும் இது ஓரளவு கட்டுப்படுத்தும். ஆனால் புதிதாகக் கலந்த புண்ணாக்கு மட்கும்போது சூடேறும் என்பதால், நடவுக்குப் பத்து நாளாவது முன்பே கலந்து, ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். எலும்புத்தூளில் மணிச்சத்து மிகுதி. எனினும் காரத்தன்மையுள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரையே ஊற்றும் வீடுகளில் அது எளிதில் கரையாது. வேப்பெண்ணெய் பூசிய யூரியாவை மெதுவாகக் கரையும் உரம் என்று எண்ணித் தொட்டியில் இடாதீர்கள்: அந்தப் பூச்சு, தழைச்சத்து நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்துகிறதே தவிர, யூரியா கரைவதைத் தடுப்பதில்லை.

தென்னை நார்க்கழிவு மிகுந்த கலவையில் தக்காளி வளர்ப்போர் உரப் பையில் சுண்ணாம்புச்சத்தும் நுண்ணூட்டங்களும் உள்ளனவா என்று பார்க்க வேண்டும். பல பூச்சு உரங்களில் சுண்ணாம்புச்சத்து இராது. அது குறைந்தாலோ, நீர் சீராகக் கிடைக்காவிட்டாலோ காயின் அடி கறுத்து அழுகும்.

மறுமுறை எப்போது இடுவது என்பதற்கு நாட்காட்டியை நம்ப வேண்டாம். கலவையைச் சற்றுக் கிளறி நாலைந்து மணிகளை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். உள்ளே கெட்டியாக இருந்தால் சத்து மீதமிருக்கிறது. நீர் மட்டும் தெறித்து வெறும் தோல் எஞ்சினால் மறுபடி இடலாம்.