கறுப்பினப் பெண்களுக்கான வாசகர் வட்டம்: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

1831ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், அடிமைத்தளைக்கு உட்படாத கறுப்பினப் பெண்கள் சிலர் ஒன்றுசேர்ந்து தங்களுக்கென ஓர் இலக்கியச் சங்கத்தை நிறுவினார்கள். வாரந்தோறும் கூடிய அவர்கள், தாங்கள் எழுதியவற்றைப் பெயர் குறிப்பிடாமல் ஒரு பெட்டியில் போடுவார்கள். பிறகு அவற்றை எடுத்து வாசித்து, நிறைகுறைகளைப் பேசுவார்கள். அதே ஆண்டில் வர்ஜீனியா மாநிலம், அடிமையாக இல்லாத கறுப்பின மக்கள்கூட எழுதப் படிக்கக் கற்பதற்காகக் கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம் என்று சட்டம் இயற்றியது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான், இன்று அட்லாண்டாவிலோ சிகாகோவிலோ பத்துப் பெண்கள் ஒரு நாவலோடு உட்காருவதற்குப் பின்னால் எவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது என்பது விளங்குகிறது.

அமெரிக்காவில் அப்படியொரு வட்டத்தைத் தொடங்க நினைப்பவருக்காகவும், தொடங்கிய வட்டம் ஆறே மாதத்தில் கலைந்துவிடாமல் காக்க விரும்புபவருக்காகவும் இதை எழுதுகிறேன். இந்த வட்டத்தின் உயிர்நாடி என்று நான் கருதுவது ஒன்றுதான். வகுப்பறையிலும் அலுவலகத்திலும் தனியொருத்தியாக இருக்கும் கறுப்பினப் பெண், எந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினாலும் தன் இனம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டியவளாக ஆக்கப்படுகிறாள். அந்தச் சுமையை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டு, ஒரு பாத்திரம் ஏன் அப்படிச் செய்தாள், ஒரு வரி ஏன் அப்படி முடிகிறது என்பதை மட்டும் பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும். உறுப்பினர் எண்ணிக்கை, கூடுமிடம், நூல் தேர்வு, கேள்விகள் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே முடிவு செய்யுங்கள்.

யார், எத்தனை பேர், எங்கே

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்குமேல் போனால் இரண்டு மணி நேரத்தில் ஒவ்வொருவரும் ஒருமுறை பேசுவதே கடினமாகிவிடும். ஐந்துக்குக் கீழே குறைந்தால் இருவர் வராத மாதத்தில் கூடுகையே நடக்காது. 1991இல் நியூயார்க்கில் மூன்று பெண்களின் முயற்சியில் தொடங்கிய ‘கோ ஆன் கேர்ள்’ வாசகர் வட்டம் பல ஊர்களில் கிளைகளாகப் பிரிந்து வளர்ந்தது. வட்டம் பெரிதானால் அதை இரண்டாகப் பிரிக்கலாமே ஒழிய, நாற்பது பேரை ஒரே அறையில் அடைக்க வேண்டாம். இன்னொரு வழியையும் கவனியுங்கள். 2015இல் புரூக்ளினில் குளோரி எடிம் தொடங்கிய ‘வெல்-ரெட் பிளாக் கேர்ள்’ வட்டத்தின் பெயர், அவருடைய துணைவர் பரிசளித்த ஒரு டி-சட்டையில் அச்சிட்டிருந்த வாசகம்; ‘நிறையப் படித்த கறுப்பினப் பெண்’ என்று பொருள். அதை அணிந்து வெளியே செல்லும்போது முன்பின் அறியாத பெண்கள் நின்று புத்தகங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சுகளே வட்டத்துக்கு வித்தாயின. ஆகவே உறுப்பினர்களைத் தேடும்போது தோழிகளோடு நின்றுவிடாமல் தேவாலயம், முடிதிருத்தும் நிலையம், கறுப்பினத்தவர் நடத்தும் புத்தகக் கடை ஆகிய இடங்களிலும் சொல்லி வையுங்கள்.

எல்லோரும் ஒரே இனத்தவர் என்பதால் எல்லோருக்கும் ஒரே வரலாறு என்று எண்ணிவிடக் கூடாது. ஜார்ஜியாவில் பிறந்த பாட்டியும், ஹைட்டியிலிருந்து வந்த செவிலியரும், நைஜீரியப் பெற்றோரின் மகளும் ஒரே நாவலை மூன்று விதமாகப் படிப்பார்கள். அந்த வேறுபாடுதான் வட்டத்தின் செல்வம். முதல் கூடுகையிலேயே அதற்கு இடம் கொடுங்கள்.

கூடுமிடத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், சுற்றுலா ரயில் ஒன்றில் கூடிய ஒரு வாசகர் வட்டத்தினர், சத்தமாகச் சிரிக்கிறார்கள் என்ற காரணம் சொல்லப்பட்டு வழியிலேயே இறக்கிவிடப்பட்டார்கள். அந்தப் பதினொரு பேரில் பத்துப் பேர் கறுப்பினப் பெண்கள். அவர்களுள் ஒருவர் எண்பது வயதைக் கடந்தவர். மற்றப் பயணிகளின் கண்முன்னே பெட்டி பெட்டியாக நடத்தி வரப்பட்ட அவமானத்தை அவர்கள் நீதிமன்றம் வரை கொண்டு சென்றார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, மறு ஆண்டில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. கூடுமிடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்காதீர்கள். வாய்விட்டுச் சிரித்தால் யாரும் திரும்பிப் பார்க்காத இடம் வேண்டும். உறுப்பினர்களின் வீடுகள் முறைவைத்துக் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. பொது நூலகத்தின் கூட்ட அறை இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பல நூலகங்கள் தங்கள் அறையில் நடக்கும் கூட்டம் யாவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கின்றன. உங்கள் வட்டம் பெண்களுக்கு மட்டும், கறுப்பினத்தவருக்கு மட்டும் என்றால், பதிவு செய்வதற்கு முன்பே கிளை நூலகரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

நூல்களைத் தேர்ந்தெடுப்பது

ஒருவரே எல்லா மாதமும் நூலை முடிவு செய்வது வட்டத்தைக் கலைப்பதற்கான நிச்சயமான வழி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரும் இரண்டு நூல்களை முன்மொழியட்டும்; வாக்கெடுத்துப் பட்டியலை முடிவு செய்யுங்கள். வாக்கெடுப்பதற்கு முன்னால் யாராவது ஒருவர் நூலகத்தின் பட்டியலைத் திறந்து, எத்தனை பிரதிகள் இருக்கின்றன, பெரிய எழுத்துப் பதிப்பு உண்டா, ஒலிநூல் உண்டா என்று பார்த்துவிட வேண்டும். ஆளுக்கு முப்பது டாலர் கொடுத்துக் கெட்டி அட்டைப் பதிப்பு வாங்கினால்தான் வரமுடியும் என்ற நிலை வந்தால், சிலர் காரணம் சொல்லாமலேயே நின்றுவிடுவார்கள். அருகில் கிடைக்காத நூலை நூலகங்களுக்கு இடையிலான இரவல் முறையில் வரவழைக்கலாம். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால் முன்கூட்டியே கேளுங்கள்.

துயரத்தை மட்டுமே பட்டியலில் அடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அடிமை முறையும் வன்கொடுமையும் பற்றிய நூல்கள் இன்றியமையாதவை. ஆனால் மாதந்தோறும் அவை மட்டுமே என்றால், வாசிப்பு காயத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பதாகிவிடும். 1950இல் புலிட்சர் பரிசு பெற்ற முதல் கறுப்பின எழுத்தாளரான குவென்டலின் புரூக்ஸின் கவிதைகளுக்கு ஒரு மாதம் கொடுங்கள். அறிவியல் புனைகதையில் தனிப் பாதை அமைத்த ஆக்டேவியா பட்லருக்கு ஒரு மாதம் கொடுங்கள். கறுப்பினப் பெண்கள் காதலிக்கப்பட்டு மகிழ்ச்சியாக வாழும் காதல் நாவல்களை இலக்கியம் இல்லை என்று ஒதுக்கிவிடாதீர்கள். அந்த மகிழ்ச்சியை அச்சில் காண்பதற்கே பல தலைமுறைகள் காத்திருக்க நேர்ந்தது.

ஆண்டுக்கு ஒரு முறையாவது, மறக்கப்பட்ட எழுத்தாளர் ஒருவரை எடுத்துப் படியுங்கள். ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1960இல் புளோரிடாவின் போர்ட் பியர்ஸ் நகரில் வறுமையில் இறந்தார். அவருடைய நூல்கள் கடைகளில் கிடைக்கவில்லை. புதைகுழியில் பெயர்க்கல் கூட இல்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் அந்த மயானத்தைத் தேடிச் சென்று, இடுப்பளவு களைகளுக்கு நடுவே நடந்து, இதுவாகத்தான் இருக்கும் என்று தோன்றிய இடத்தில் கல் நாட்டினார். 1937இல் வெளிவந்த ஹர்ஸ்டனின் நாவல் 1978இல் மறுபதிப்புக் கண்டது. அதைத் தேடிப் படித்து, கையிலிருந்த நகலை அடுத்தவருக்குக் கொடுத்த வாசகர்கள் இல்லாமல் இது நடந்திருக்காது. உங்கள் வட்டமும் செய்யக்கூடிய வேலை அது.

கூடுகையை நடத்துவது

நெறியாளர் பொறுப்பு மாதம் ஒருவரிடம் மாற வேண்டும். அந்த மாதத்தின் நெறியாளர் ஐந்து கேள்விகளை எழுதிக்கொண்டு வந்தால் போதும். அவற்றில் குறைந்தது மூன்று கேள்விகள், நூலின் குறிப்பிட்ட ஒரு பக்கத்தைச் சுட்ட வேண்டும். “கதை பிடித்ததா?” என்று தொடங்கினால் பேச்சு பத்து நிமிடத்தில் வற்றிவிடும். “அவள் அந்தக் கடிதத்தைக் கிழிக்காமல் ஏன் மடித்து வைத்தாள்?” என்று தொடங்கினால் ஆளுக்கொரு விடை வரும், உடனே புத்தகங்கள் திறக்கப்படும்.

முதல் பதினைந்து நிமிடம் வாய்விட்டு வாசியுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஹர்ஸ்டன் வளர்ந்த ஈட்டன்வில், 1887இல் கறுப்பின மக்களே அமைத்த ஊர். அந்த ஊர்த் திண்ணைப் பேச்சை அவர் ஒலிக்கிறபடியே எழுதினார். கண்ணால் படிப்பவர் எழுத்துக்கூட்டலில் தடுக்கி, இரண்டாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடக்கூடும். தெற்கு மாநிலத்தில் வளர்ந்த ஒருவர் அதே பக்கத்தைத் தன் குரலில் வாசிக்கும்போது சொற்கள் நீண்டு குழைந்து, கேலி கேலியாகவும் பெருமூச்சு பெருமூச்சாகவும் காதில் விழுகின்றன. “என் அத்தை இப்படித்தான் பேசுவாள்” என்று யாராவது சொல்லும்போது விவாதம் தானாகவே தொடங்கிவிடுகிறது.

பேசத் தயங்குபவர்களுக்குப் பிலடெல்பியாவின் பெட்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு காலணிப் பெட்டி போதும். நுழையும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்து, நூலைப் பற்றிய ஒரு கேள்வியையோ கோபத்தையோ பெயரின்றி எழுதிப் போடச் சொல்லுங்கள். எல்லோரும் புகழும் நூல் தனக்குப் பிடிக்கவே இல்லை என்று நேரில் சொல்லத் துணியாதவரும் தாளில் எழுதிவிடுவார். பெரும்பாலும் அந்தத் தாளிலிருந்துதான் அன்றைய சிறந்த பேச்சு பிறக்கும். நூலை முடிக்காமல் வந்தவரையும் மகிழ்ச்சியோடு வரவேற்கலாம். அவருக்காக முடிவைச் சொல்லாமல் காக்க வேண்டியதில்லை என்பதை மட்டும் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள்.

நூலில் குழந்தைகள் மீதான வன்முறையோ பாலியல் கொடுமையோ வந்தால், அதைத் தேர்ந்தெடுக்கும்போதே எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும். “உங்களுக்கு இப்படி நேர்ந்திருக்கிறதா?” என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது. ஒருவர் தானாகப் பகிர்ந்தால் கேட்டுக்கொள்ளலாம். அது அந்த அறையைவிட்டு வெளியே போகக் கூடாது.

பணம், உணவு, குறிப்பேடு

சந்தா சிறியதாகவும் கணக்குத் தெளிவாகவும் இருக்கட்டும். 1830களில் பாஸ்டன் கறுப்பினப் பெண்களின் சங்கம் ஒன்று, உறுப்பினர்களின் சந்தாவில் நூல் வாங்கி, அறை வாடகை கொடுத்து, நோயுற்ற உறுப்பினருக்கும் உதவியது. பேருந்துக் கட்டணம் இல்லாமல் வராமற்போகும் உறுப்பினருக்காக நீங்களும் ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம்.

உணவை ஒருவர் தலையில் சுமத்தாமல் எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவருவதே நல்லது. 1977 பிப்ரவரியில், கவிஞர் ஜூன் ஜோர்டனின் புரூக்ளின் வீட்டில் ஆலிஸ் வாக்கர், டோனி மாரிசன் உள்ளிட்ட கறுப்பினப் பெண் எழுத்தாளர்கள் கூடியபோது கம்போ என்னும் குழம்பும் இருந்தது, கூட்டக் குறிப்பு எழுதுபவரும் இருந்தார். அந்த வட்டம் பிறகு கலைந்தாலும், யார் வந்தார்கள், எதைப் பேசினார்கள் என்பது அந்தக் குறிப்புகளால்தான் இன்று தெரிகிறது. வாட்ஸ்அப் குழு நினைவூட்டுவதற்குப் போதும். ஆனால் கைபேசி மாறினால் உரையாடல் தொலைந்துவிடலாம். எனவே கோடிட்ட நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, தேதி, வந்தவர்களின் பெயர், படித்த நூல், சூடாக நடந்த வாக்குவாதத்தின் ஒரு வரி ஆகியவற்றை எழுதி வையுங்கள். கிளம்புவதற்கு முன் அடுத்த கூடுகையின் தேதியையும் நெறியாளரின் பெயரையும் அதே பக்கத்தின் அடியில் குறித்து, நோட்டை அவரிடமே கொடுத்தனுப்புங்கள்.