மாரத்தான் ஓட்டத்தில் கிளைகோஜனைக் காப்பது எப்படி?

மாரத்தான் ஓடுபவர்களில் பலர் 30 கிலோமீட்டரைக் கடந்ததும் கால்கள் கனத்து நடக்கத் தொடங்குவதற்கு, தசைகளில் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்த மாவுச்சத்து தீர்ந்துபோவதே பெரும்பாலும் காரணம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 60 கலோரி வீதம், 42.195 கிலோமீட்டருக்குச் சுமார் 2,500 கலோரி தேவைப்படுகிறது. தசையிலும் கல்லீரலிலுமாக இருக்கும் கையிருப்போ ஏறத்தாழ 500 கிராம், அதாவது 2,000 கலோரிதான். மீதத்தைக் கொழுப்பு எவ்வளவு ஈடுகட்டும் என்பது உங்கள் வேகத்தையும் உடல் பழகியிருக்கும் அளவையும் பொறுத்தது.

ஆகவே முதலில் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகத்தில் கொழுப்பும் கணிசமாக எரிகிறது. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச மூச்சு இடம்தராத வேகத்துக்குப் போனால், கொழுப்பிலிருந்து அவ்வளவு விரைவாக ஆற்றலை எடுக்க முடியாததால் தசை கிளைகோஜனையே பெரிதும் நம்ப வேண்டியதாகிறது. வாரத்தின் பெரும்பாலான ஓட்டங்களை முதல் வகையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஓடுபவர் முந்துகிறாரே என்று வேகத்தைக் கூட்டுவதுதான் பலருடைய பயிற்சியைக் கெடுக்கிறது என்பது என் கருத்து.

இப்படி மாதக்கணக்கில் ஓடினால் தசை இழைகளில் மைட்டோகாண்ட்ரியாக்கள் (செல்லுக்குள் ஆற்றலை உருவாக்கும் நுண்ணுறுப்புகள்) பெருகி, அந்த இழைகளைச் சுற்றியுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களும் அடர்த்தியாகும். அதன்பின் அதே வேகத்துக்கு முன்பைவிடக் குறைவான கிளைகோஜனே செலவாகும். சேமிக்கும் அளவும் கூடும்.

சேமிப்பை நிரப்புவதிலும் ஓட்டத்துக்குப் பங்கு உண்டு. 1966-இல் ஸ்வீடன் ஆய்வாளர்களான யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோமும் எரிக் ஹுல்ட்மனும் ஒரே சைக்கிளின் இரு பக்கமும் அமர்ந்து ஆளுக்கு ஒரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்து, பிறகு மாவுச்சத்து மிகுந்த உணவை மூன்று நாள் உண்டார்கள். தொடைத் தசையிலிருந்து ஊசியால் எடுத்த மாதிரிகளில், ஓய்ந்திருந்த காலைவிட மிதித்த காலில் ஏறத்தாழ இரு மடங்கு கிளைகோஜன் இருந்தது. உழைத்த தசையே மிகுதியாகச் சேமிக்கிறது. ஒரு தசை தன் கிளைகோஜனை மற்றொன்றுக்குக் கொடுப்பதும் இல்லை.

கடும்பயிற்சிக்குப் பின் சில மணி நேரத்தில் மீண்டும் ஓட வேண்டியிருந்தால், முதல் நான்கு மணி நேரம், மணிக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு கிராம் மாவுச்சத்து வீதம் உண்ணுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்குச் சுமார் 200 கிராம் சோறு. அடுத்த ஓட்டம் மறுநாள்தான் என்றால் வழக்கமான சாப்பாடே போதும். போட்டிக்கு முந்தைய இரண்டு நாள்களில் சோறு, இட்லி, வாழைப்பழம் ஆகியவற்றைக் கூட்டி, எண்ணெய்ப் பண்டங்களைக் குறையுங்கள். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனுடனும் சுமார் மூன்று கிராம் நீர் சேர்வதால் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். அதற்காக உணவைக் குறைக்க வேண்டாம். நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்ட பிறகே இதில் இறங்க வேண்டும்.

ஓட்டத்தின்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து எடுக்கலாம். எது வயிற்றுக்கு ஒத்துப்போகிறது என்பதைப் பயிற்சியின் நீண்ட ஓட்டங்களிலேயே பார்த்துவிடுங்கள்.