ஏசி இன்டோர் யூனிட்டில் காற்று வரவில்லையா? புளோயர் மோட்டாரைச் சோதித்து மாற்றும் முறை

எங்கள் வீட்டு ஸ்பிளிட் ஏசியில் ஒரு நாள் இரவு திடீரென்று காற்று நின்றுபோனது. வெளியே கம்பிரசர் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. ஆனால் காற்று வரும் இடத்தில் கையை நீட்டினால் சிறு அசைவும் இல்லை. மறுநாள் பார்க்க வந்தவர், முன்மூடியைத் திறக்காமலேயே, உள்ளே காற்றைத் தள்ளும் புளோயர் மோட்டார் எரிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். அவர் சென்ற பிறகு மீட்டரை எடுத்துச் சோதித்தபோது, பழுதானது மோட்டாரை ஓடவைக்கும் சிறிய கெபாசிட்டர்தான் என்று தெரிந்தது. எட்டு மாதம் கழித்து அதே மோட்டார் உண்மையாகவே செயலிழந்தது. அதையும் நானே மாற்றினேன். மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்னால், பழுது அதில்தான் இருக்கிறது என்பதை அளந்து உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்பதை இந்த இரண்டு அனுபவங்களும் எனக்குக் கற்றுக்கொடுத்தன.

இங்கே சொல்வது சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசியின் இன்டோர் யூனிட்டுக்கு உரியது. உத்தரவாதக் காலம் முடியாத ஏசியாக இருந்தால் நீங்கள் திறக்காதீர்கள். இந்த வேலையில் கேஸ் குழாய்களைக் கழற்றும் அவசியம் எந்தக் கட்டத்திலும் இல்லை. அப்படி ஒரு நிலை வந்தால், வேறு எங்கோ தவறு நடந்திருக்கிறது என்று பொருள்.

தொடங்குவதற்கு முன்

காற்று நின்றவுடன் ஏசியை அணைத்துவிடுங்கள். உள்ளே குளிரைத் தரும் குழாய்ச் சுருளான காயிலின் மேல் காற்று ஓடாவிட்டால் அதில் பனி கட்டும். ஆவியாகாத திரவம் கம்பிரசருக்குத் திரும்பிச் சென்று அதையும் கெடுக்கும். பனி கட்டியிருந்தால் முழுவதும் உருகட்டும். பனியோடு புளோயர் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து, பேரிங் இறுகிவிட்டது என்று தவறாக நினைத்துவிட வாய்ப்பு உண்டு.

ரிமோட்டில் அணைப்பது போதாது. எம்சிபியை (வீட்டு மின்பலகையில் ஏசிக்கு உரிய பாதுகாப்புச் சுவிட்ச்) இறக்கிவிட்டு, மோட்டார் கனெக்டர் வரை மின்சாரம் வரவில்லை என்பதை மீட்டர் வைத்து உறுதிசெய்யுங்கள். தொடாமலேயே மின்சாரத்தைக் காட்டும் பேனா வடிவச் சோதனைக் கருவியை மட்டும் நம்பி நான் எதையும் தொடுவதில்லை. இன்வெர்ட்டர் ஏசியாக இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. 230 வோல்ட் மின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும்போது சுமார் 325 வோல்ட் கிடைக்கிறது. அது போர்டில் (ஏசியின் மின்சுற்றுப் பலகை) உள்ள பெரிய கெபாசிட்டரில் மின்சாரம் நின்ற பிறகும் சிறிது நேரம் தங்கியிருக்கும். பத்து நிமிடம் காத்திருந்து, அந்தக் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் அளந்து, மதிப்பு ஏறத்தாழ சுழிக்கு இறங்கிய பிறகே கையை உள்ளே விடுங்கள்.

கருவிகளில் மைக்ரோஃபாரட் (கெபாசிட்டரின் அளவு) அளக்கக்கூடிய மல்டிமீட்டர் அவசியம் வேண்டும். அது இல்லாத மீட்டரால் இந்த வேலையில் பாதிதான் செய்ய முடியும். முனையில் காந்தம் உள்ள, நீண்ட கழுத்துடைய நட்சத்திர ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியில் ஓடும் ஸ்க்ரூடிரைவரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிளாஸ்டிக்கில் இறங்கும் திருகுகளின் புரியை அது எளிதில் அழித்துவிடுகிறது. காயில் தகடுகள் கையைக் கிழிக்கும் என்பதால் கையுறையும் தேவை.

மீட்டருக்கு முன்னால் கை

மின்சாரம் இல்லாத நிலையில், காற்று வரும் வாய் வழியாக நீண்ட உருளை வடிவப் புளோயர் சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். அது தடையின்றிச் சுற்றி மெல்ல நின்றால் பேரிங் நன்றாக இருக்கிறது. உரசினாலோ இறுகியிருந்தாலோ, மோட்டார் பேரிங், அல்லது சக்கரத்தின் மறுமுனையைத் தாங்கும் ரப்பர் உறையிட்ட பேரிங், இரண்டில் ஒன்று தேய்ந்திருக்கலாம். பி.எல்.டி.சி. மோட்டாரில் (பிரஷ் இல்லாத நேர்மின் மோட்டார்) உள்ளே நிலைக்காந்தம் இருப்பதால், சுற்றும்போது விட்டு விட்டு ஒரு மெல்லிய பிடிப்பு உணரப்படுவது இயல்பு. கனெக்டரைக் கழற்றிய பிறகும் அது கடுமையாகவே இருந்தால் மட்டும் சந்தேகப்படுங்கள்.

சக்கரம் எவ்வாறு நிற்கிறது என்பதும் நிறையச் சொல்லும். ‘ம்ம்’ என்ற முனகலோடு அசையாமல் நின்றால் முதலில் கெபாசிட்டரைப் பாருங்கள். எம்சிபியைப் போட்டவுடனே, ரிமோட்டைத் தொடாமலே முழு வேகத்தில் ஓடினால், போர்டில் மோட்டாருக்கான மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரையாக் ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு மிகுதி. மோட்டாரில் குறை இல்லை. நன்றாக ஓடத் தொடங்கி, சிறிது நேரத்தில் நின்று பிழைக் குறியீடு காட்டினால், மோட்டார் சுற்றுகிறது என்ற தகவல் போர்டுக்குத் திரும்பி வரவில்லை என்று பொருள். இந்த மூன்றாவது அறிகுறியைப் புரிந்துகொள்ளாமல் போர்டை மாற்றிப் பணத்தை இழப்பவர்கள் உண்டு.

எந்த வகை மோட்டார்?

மோட்டாரிலிருந்து போர்டுக்கு வரும் கம்பிகளைப் பாருங்கள். மூன்று கம்பிகள் கொண்ட ஒரு கனெக்டரும், மெல்லிய மூன்று கம்பிகள் கொண்ட இன்னொரு கனெக்டரும் இருந்தால் அது பி.ஜி. மோட்டார் (சுழற்சியைத் தெரிவிக்கும் சென்சார் உள்ள மாறுமின் மோட்டார்). ஐந்து கம்பிகள் ஒரே கனெக்டரில் வந்தால் பெரும்பாலும் பி.எல்.டி.சி. மோட்டார். இரண்டையும் சோதிக்கும் முறை முற்றிலும் வேறு என்பதால், இதை முடிவு செய்யாமல் மேலே போக வேண்டாம்.

பி.ஜி. மோட்டாரில் முதலில் கெபாசிட்டர். இது பெரும்பாலும் போர்டின் மேலேயே, 1 முதல் 2 மைக்ரோஃபாரட் வரை மதிப்புடைய கறுப்புப் பெட்டி போல் இருக்கும். இணைத்த நிலையிலேயே அளந்தால் பக்கத்துச் சுற்றுகள் மதிப்பை மாற்றிக் காட்டும். முதன்முறை நான் இதில் ஏமாந்து, கெட்டுப்போன கெபாசிட்டரை நல்லது என்று எண்ணி ஒரு நாளை வீணாக்கினேன். மோட்டார் கனெக்டரைக் கழற்றி, கெபாசிட்டரின் ஒரு காலையாவது போர்டிலிருந்து விடுவித்து அளவெடுங்கள். அதன் மேல் அச்சிட்ட மதிப்பிலிருந்து விலக்கம் அதிலேயே குறித்திருக்கும் வரம்பை மீறினால் மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது அதிக வோல்ட் உள்ளதைத்தான் போட வேண்டும்.

அடுத்தது வைண்டிங், அதாவது மோட்டாரின் உள்ளே உள்ள கம்பிச் சுற்று. பெரிய கனெக்டரின் மூன்று முனைகளுக்கிடையே மூன்று ஜோடிகளையும் ஓம் அளவில் பாருங்கள். நல்ல மோட்டாரில் மூன்றும் பெரும்பாலும் சில நூறு ஓம் அளவில் இருக்கும். அவற்றுள் பெரிய எண், மற்ற இரண்டின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்கும். ஏதாவது ஒரு வைண்டிங் அறுந்திருந்தால் குறைந்தது இரண்டு ஜோடிகளில் மீட்டர் எதையும் காட்டாது. இங்கே ஓர் எச்சரிக்கை: பல மோட்டார்களின் உள்ளே, வெப்பம் கூடினால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு அமைப்பு இருக்கிறது, சில வகைகளில் குளிர்ந்தவுடன் அது தானே மீண்டும் இணைந்துவிடும். சூடான மோட்டாரை அளந்து, போய்விட்டது என்று தீர்ப்பு எழுதாதீர்கள். ஒரு மணி நேரம் பொறுத்து மீண்டும் அளந்து பாருங்கள். ஒவ்வொரு முனைக்கும் மோட்டாரின் உலோகச் சுழல்தண்டான ஷாஃப்டுக்கும் இடையே எந்த எண்ணும் வரக்கூடாது. வந்தால் மின்காப்பு கெட்டுவிட்டது, மோட்டார் மாற்றப்பட வேண்டியதே.

மெல்லிய மூன்று கம்பிகள், மோட்டார் சுற்றுவதைக் காந்தத்தின் வழியாக உணரும் ஹால் சென்சாருக்கு உரியவை: 5 வோல்ட், தரை (கிரவுண்ட்), சிக்னல். கனெக்டரை மாட்டிய நிலையில், ஏசியை ஓடவிடாமல் மின்சாரத்தை மட்டும் கொடுத்து, சிக்னலுக்கும் தரைக்கும் இடையே நேர்மின் வோல்ட்டை அளந்தபடி, உலர்ந்த மரக்குச்சியால் சக்கரத்தை மெல்லச் சுற்ற வேண்டும். அளவு சுழிக்கும் 5 வோல்ட்டுக்கும் இடையே மாறி மாறி வந்தால் சென்சார் நலம். ஒரே எண்ணில் நின்றால் சென்சார் கெட்டிருக்கலாம். மின்சாரம் இருக்கும்போது செய்யும் சோதனை இது என்பதால், ரிமோட்டின் பேட்டரியை முன்னதாகவே எடுத்துவிடுங்கள். வீட்டில் வேறு யாராவது பொத்தானை அழுத்தினால் சக்கரம் ஓடத் தொடங்கிவிடும். பழக்கம் இல்லாதவர்கள் இந்த ஒரு சோதனையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடலாம்.

பி.எல்.டி.சி. மோட்டாரில் வைண்டிங்கை வெளியிலிருந்து அளக்க முடியாது. இயக்கும் சுற்று மோட்டாரின் உள்ளேயே இருக்கிறது. ஐந்து கம்பிகளும் முறையே உயர் நேர்மின்சாரம், தரை, 15 வோல்ட், வேகக் கட்டளை, சுழற்சித் தகவல் ஆகியவற்றுக்கு உரியவை. கம்பி நிறங்களை நம்பாமல் போர்டில் அச்சிட்ட எழுத்துகளைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்திக் கெபாசிட்டர் வடிந்த பிறகு கனெக்டரைக் கழற்றி, தரைக்கும் உயர்மின் முனைக்கும், தரைக்கும் 15 வோல்ட் முனைக்கும் இடையே ஓம் பாருங்கள். சுழிக்கு அருகில் வந்தால் மோட்டார் உள்ளே ஷார்ட் ஆகிவிட்டது. அது போர்டையும் சேர்த்துக் கெடுத்திருக்கக்கூடும் என்பதால், புதிய மோட்டாரை மாட்டுவதற்கு முன் போர்டைச் சோதியுங்கள். மின்சாரம் இருக்கும்போது இந்தக் கனெக்டரை ஒருபோதும் கழற்றவோ மாட்டவோ கூடாது. அந்த ஒரு நொடியிலேயே நல்ல மோட்டாரும் நல்ல போர்டும் சேர்ந்து போய்விடும்.

புதிய மோட்டார் வாங்கும்போது

பழைய மோட்டாரின் லேபிளைப் படம் எடுத்துக்கொண்டு, அதில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டே தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் வோல்ட், வாட், கெபாசிட்டர் மதிப்பு, சுழலும் திசை, ஷாஃப்டின் தடிமனும் நீளமும், கனெக்டர் வடிவம் ஆகிய அனைத்தும் பொருந்த வேண்டும். பி.ஜி. மோட்டார் இருந்த இடத்தில் பி.எல்.டி.சி. மோட்டாரைப் போட முடியாது.

கழற்றுதல்

முன்மூடி, வடிகட்டிகள், காற்றைத் திருப்பும் இதழ், பிறகு வெளிக்கூடு. இவை ஒவ்வொரு மாடலிலும் சற்று மாறும். கூட்டின் மேல் விளிம்பில் மறைவான கொக்கிகள் இருக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன் படம் எடுங்கள். காயிலில் செருகியுள்ள வெப்ப சென்சாரை உருவி எடுத்து, மின்பெட்டியை வெளியே எடுங்கள். பெரும்பாலான மாடல்களில் மோட்டார் வலப்பக்கம் இருக்கிறது. கேஸ் குழாய்களும் அதே பக்கத்தில்தான் வெளியேறுகின்றன. ஆகவே காயிலின் இடப்பக்கத் திருகுகளைக் கழற்றி, அந்தப் பக்கத்தை மட்டும் ஐந்து சென்டிமீட்டர் அளவுக்கு மெல்ல உயர்த்தி, மரக்கட்டை ஒன்றை முட்டுக்கொடுங்கள். அதற்கு மேல் உயர்த்தினால் செம்புக்குழாய் மடங்கும்.

என்னை ஒரு மாலை முழுவதும் நிறுத்தி வைத்தது இதற்கு அடுத்த வேலைதான். சக்கரம் மோட்டார் ஷாஃப்டோடு ஒரே ஒரு சிறிய திருகால் பிணைக்கப்பட்டிருக்கிறது. சக்கரத்தை மெல்லச் சுற்றிக்கொண்டே வந்தால், மோட்டார் பக்கமுள்ள முனையில், இதழ்களுக்கிடையே மற்றவற்றைவிட அகலமான ஓர் இடைவெளி தெரியும்; திருகு அதற்கு நேர் உள்ளே இருக்கிறது. ஈரத்திலேயே பல ஆண்டுகள் இருந்ததால் அது துருப்பிடித்திருக்கும். நான் அவசரப்பட்டு, பொருந்தாத முனையால் திருப்பி, அதன் தலையைப் பாதி அழித்துவிட்டேன். சரியான வழி இது: துருவை இளக்கும் எண்ணெயைத் திருகின் மேல் மட்டும் இரண்டு சொட்டு விட்டு, ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள், தலையில் இறுக்கமாகப் பொருந்தும் முனையைச் செருகி, நன்றாக அழுத்திக்கொண்டு, முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அளவு திருப்பி, அதன் பிறகு தளர்த்துங்கள்.

தளர்ந்தவுடன் இழுத்துவிடாதீர்கள். திருகு பதிந்த இடத்தில் ஷாஃப்டில் சிறு பிசிறு எழும்பியிருக்கும். திருகை இன்னும் மூன்று சுற்றுத் தளர்த்தினால்தான் அது வழிவிடும். சக்கரத்தை இடப்பக்கமாக இழுப்பதைவிட, மோட்டாரின் தாங்கியைக் கழற்றி, மோட்டாரை வலப்பக்கமாக அசைத்து அசைத்து வெளியே எடுப்பது நல்லது. சக்கரம் மெல்லிய பிளாஸ்டிக். ஓர் இதழ் உடைந்தாலும் சமநிலை போய், யூனிட் முழுவதும் அதிரும்.

மாட்டுதல்

சக்கரம் கையில் இருக்கும்போதே அதை நீரில் நன்றாகக் கழுவி, முழுவதும் உலர வையுங்கள். இதழ்களில் படிந்த அழுக்கு காற்றைக் குறைத்து மோட்டாருக்கும் சுமையைக் கூட்டுகிறது. இடமுனைப் பேரிங் வறண்டு ஒலி எழுப்பினால் அதையும் இப்போதே மாற்றுங்கள்.

புதிய ஷாஃப்டின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். திருகு அந்தத் தட்டையான முகத்தின் மேல்தான் இறங்க வேண்டும். நான் முதன்முறை அதைக் கவனிக்காமல் வளைந்த பரப்பின் மேல் இறுக்கினேன். இரண்டு வாரம் ஓடிய பிறகு ‘டக் டக்’ என்று சத்தம் கேட்கத் தொடங்கியது, எல்லாவற்றையும் மறுபடியும் கழற்ற நேர்ந்தது. இப்போது, செருகும் முன்பே தட்டைமுகத்துக்கு நேராக ஷாஃப்ட் நுனியில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். சக்கரத்தின் இரு முனைகளிலும் சுவருக்கும் அதற்கும் இடையே ஏறத்தாழச் சமமான இடைவெளி இருக்கும்படி நிறுத்தி, திருகை இறுக்கி, கையால் பத்துச் சுற்றாவது சுற்றி உரசல் இல்லை என்று பாருங்கள். பிறகு காயிலை இறக்கித் திருகுங்கள், வெப்ப சென்சாரையும் கனெக்டர்களையும் படத்தைப் பார்த்து மாட்டுங்கள், வெளிக்கூட்டைப் பூட்டுங்கள். முதலில் காற்று மட்டும் வரும் நிலையில் எல்லா வேகங்களிலும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு, அதன் பின் குளிரூட்டலுக்கு மாற்றுங்கள்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்தவர்கள் சிலர் எழுதியதால் இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். மோட்டார் நன்றாக ஓடியும் வேறொரு பிழைக் குறியீடு வருவதாக ஒருவர் எழுதினார். காயில் சென்சாரின் கனெக்டரை மாட்டாமல் விட்டிருந்தார். காயிலை உயர்த்தும் வேலை உள்ள எவருக்கும் இது நேரலாம். மூடும் முன் அதை மட்டும் தனியாக ஒருமுறை பாருங்கள்.

இன்னொருவருக்குப் புதிய மோட்டார் வேகமாகச் சுற்றியும் காற்று மிகக் குறைவாகவே வந்தது. சக்கரத்தையும் வடிகட்டியையும் கழுவியும் பயனில்லை. கடைசியில் அவர் வாங்கிய மாற்று மோட்டார் எதிர்த்திசையில் சுழல்வது என்று தெரிந்தது. இந்த வகைச் சக்கரம் தலைகீழாகச் சுற்றினாலும் ஓரளவு காற்றை அசைக்கும் என்பதால் தவறு உடனே தெரிவதில்லை. லேபிளில் சுழலும் திசை குறித்திருக்கிறதா என்று பார்க்கும்போது, அது ஷாஃப்ட் முனையிலிருந்து பார்த்துச் சொன்னதா, எதிர் முனையிலிருந்து பார்த்துச் சொன்னதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.