சூடு தெரியாத காலுக்குச் செங்கல் ஒத்தடம்

சோழவந்தான் பக்கம் தென்னை மரத்திலிருந்து விழுந்த என் கொழுந்தனுக்கு, இடுப்புக்குச் சற்று மேலே முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. ஸ்க்ரூவும் கம்பியும் வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வீட்டுக்கு வந்த பத்தாம் நாள், கால் ஜில்லென்று இருக்கிறதே என்று என் மாமியார் செங்கல்லைச் சூடாக்கி, பழைய வேட்டியில் சுற்றிக் குதிகாலுக்கு ஒத்தடம் கொடுத்தார். அவன் பாட்டுக்குக் வெற்றிலைக் கொடிக்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சியாச்சா என்று விசாரித்துக்கொண்டிருந்தான். துணியை எடுத்தால் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்குக் கொப்புளம்.

"சுடலையாப்பா?"

"ஒண்ணும் தெரியல மதினி."

வலித்தால் சொல்வான் என்று நம்புவதுதான் முதல் தப்பு. மரத்துப்போன இடத்தை நாம்தான் கண்ணால் பார்க்க வேண்டும். காலையும் மாலையும் வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், குதிகால் மூன்றையும் பாருங்கள். அழுத்தம் நீங்கிய பிறகும் சிவப்பு மறையவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஏர் பெட் வாங்கியாச்சே என்று இரவில் திருப்பாமல் விட்டுவிடுகிறார்கள். அது கூடாது. படுத்திருக்கும்போது சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும்.

புரட்டும்போதும் தோளை மட்டும் பிடித்து இழுக்காதீர்கள். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே நேரத்தில், மரக்கட்டை உருள்வது போலத் திரும்ப வேண்டும். ஆட்டோவில் ஏற்ற ஒருவர் கக்கத்திலும் ஒருவர் காலிலும் பிடித்துத் தூக்குவார்கள் பாருங்கள், நடுமுதுகு வளைந்து தொங்கும். பார்க்கவே பதறும்.

முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புக் கற்றையான தண்டுவடம், பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாம் எலும்புகளுக்கு அருகிலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரைவால் போல நரம்புக் கொத்துதான். அங்கே அடிபட்டால் காலோடு சேர்ந்து சிறுநீர், மலக் கட்டுப்பாடும் போகலாம். யூரின் டியூப்புக்குப் பயந்து தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. மதுரை வெயிலில் அப்படிச் செய்தால் சிறுநீரில் கிருமியும் கல்லும்தான் வந்து சேரும். இன்னொன்று, பயணத்தில் யூரின் பையை மடியில் வைப்பது. பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், இல்லாவிட்டால் பையில் இருப்பது திரும்ப மேலே ஏறும். மலத்துக்கு, காலைச் சாப்பாடு முடிந்து அரை மணி நேரத்துக்குள் தினமும் ஒரே வேளையில் பழக்குங்கள்.

அப்புறம் எண்ணெய் போட்டு நீவுவது. திடீரென்று ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கியிருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். வீக்கத்தைக் கண்டால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். பத்தியம் என்று முட்டை, பருப்பை நிறுத்துவதும் வேண்டாம். புண் ஆற அதுதான் தேவை.

பாதத்தின் மேல் கனமான போர்வையை இறுக்கிச் செருகாதீர்கள். விரல்கள் கீழ்நோக்கி அமுங்கி, கணுக்கால் அப்படியே இறுகிவிடும். பின்னால் நிற்கக் கால் வந்தாலும் பாதம் தரையில் பதியாது.

பார்க்க வருபவர்கள் எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எப்ப நடப்ப?" அதைக் கேட்டுக் கேட்டே பலர் கைப்பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். கால் வரும்வரை கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறக் கைதானே வேண்டும்? போன வாரம் பக்கத்துத் தெருப் பெரியவர் அதையே கேட்டபோது, உட்கார்ந்த இடத்தில் அழுத்தம் குறைக்க, 20 நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்க வைத்த அலாரம் கொழுந்தனின் போனில் அடித்தது. "ஒரு நிமிஷம் மாமா" என்று சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் சக்கர நாற்காலியில் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பிடித்தான். பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.