ஒத்த லேயர்ல காந்தம் இருக்கான்னு லைட்ட வச்சு பாக்குறது எப்படி

குரோமியம் ட்ரை அயோடைடுனு ஒரு செமிகண்டக்டர், அடுக்கடுக்கா இருக்கும், டேப் போட்டு உரிக்கலாம். ஒரே ஒரு லேயரா உரிச்சாலும் 45 கெல்வினுக்கு கீழ அது காந்தம்தான்னு 2017ல காட்டினது லைட்ட வச்சுதான். சில மைக்ரான் சைஸ் துண்டு, காந்தத்த அளக்குற சாதாரண மேக்னட்டோமீட்டருக்கு அதோட சிக்னல் எட்டவே எட்டாது. காந்தத்துல பட்டுத் திரும்புற லைட்டோட போலரைசேஷன், அதாவது அலை அதிர்ற திசை, லேசா சாயும், அதுதான் கெர் எஃபெக்ட், இங்க சில மில்லிரேடியன்தான் சாயும்.

சாம்பிள குளோவ் பாக்ஸுக்குள்ளயே, அதாவது காத்தும் ஈரமும் புகாத பெட்டிக்குள்ளயே, உரிச்சு போரான் நைட்ரைடு ரெண்டு பக்கமும் மூடிருங்க, காத்து ஈரம் பட்டா போச்சு. இதுல ஸ்பின், அதாவது ஒவ்வொரு அணுவோட குட்டி காந்தம், லேயருக்கு செங்குத்தா நிக்கும், அதனால நாம குடுக்குற காந்தப்புலமும் (ஃபீல்டு) செங்குத்து, லைட்டும் நேரா மேல இருந்து.

லைட்டுக்கு 633 நானோமீட்டர் ஹீலியம் நியான் லேசர் போதும், போலரைசர் வழியா அனுப்பி, சாம்பிள்ல பட்டு வர்றத ஹாஃப் வேவ் பிளேட் (போலரைசேஷன திருப்புற தகடு), அப்புறம் வொல்லஸ்டன் பிரிசம்னு விட்டா போலரைசேஷன் வாரியா ரெண்டா பிரியும், ரெண்டுக்கும் ஒவ்வொரு போட்டோடையோடு. பிளேட்ட திருப்பி ரெண்டையும் சமமாக்கிட்டு ஃபீல்ட மாத்துங்க, வித்தியாசத்த மொத்தத்தால வகுத்து பாதியாக்குனா அதுதான் சாஞ்ச கோணம், ரேடியன்ல. சாப்பரும் (லைட்ட விட்டு விட்டு மறைக்குற சக்கரம்) லாக்-இன்னும் (அந்த தாளத்துல வர்ற சிக்னல மட்டும் பிரிச்செடுக்குற கருவி) இல்லாம இத ட்ரை பண்ணாதீங்க, நாய்ஸ்தான் மிஞ்சும். பவர மைக்ரோவாட்லயே வைங்க, இல்லனா லேசரே சாம்பிள சூடாக்கிரும்.

நிறைய பேரு ஏமாறுற இடம் பேக்கிரவுண்டுதான். ஃபீல்டுக்குள்ள இருக்குற லென்ஸ், ஜன்னல் கண்ணாடி எல்லாமே ஃபாரடே எஃபெக்ட்ல லைட்ட திருப்பும், ஃபீல்டு ஏற ஏற நேர்கோடா ஏறும், அத பாத்து சாம்பிள் காந்தம்னு குதிக்கக்கூடாது. சாம்பிள் உக்காந்திருக்குற சிலிக்கான்லயே, பக்கத்துல வெறுமையா இருக்குற இடத்துல, ஃபீல்ட அதே மாதிரி ஏத்தி இறக்கி (ஸ்வீப்) அளந்து கழிச்சிருங்க. அப்புறமும் ஃபீல்டு ஏறுறப்ப வர்ற கோடும் இறங்குறப்ப வர்ற கோடும் ஒண்ணு சேராம லூப் திறந்து நின்னா, 45 கெல்வினுக்கு மேல போயி அது மூடுதான்னு பாத்தாதான் நம்புவேன் நான்.

கோணத்த வச்சு காந்தம் எவ்ளோன்னு மட்டும் கணக்கு போடாதீங்க, அலைநீளமோ அடியில சிலிக்கான் மேல இருக்குற ஆக்சைடு தடிமனோ மாறுனா கோணத்தோட பிளஸ் மைனஸே தலைகீழாகலாம்.

ரெண்டு லேயர் துண்டுனா ஃபீல்டு கம்மியா இருக்குறப்ப சிக்னல் சைபர்தான் வரும், காந்தம் இல்லனு மூடி வச்சிராதீங்க, ரெண்டு லேயரும் எதிரெதிரா நின்னு ஒண்ண ஒண்ணு கேன்சல் பண்ணுது, 0.65 டெஸ்லா கிட்ட போனா பட்டுனு குதிக்கும், அதனால ஸ்வீப்ப ஒரு டெஸ்லா வரைக்குமாவது விடுங்க.