உப்புக்காற்று ஊரில் பழைய காருக்குக் கூடுதல் மீட்டர் பொருத்துதல்

மண்டபம், பாம்பன், கீழக்கரைப் பக்கம் இன்றும் ஓடும் பழைய அம்பாசடர், பிரீமியர் பத்மினி வண்டிகளுக்கு ஆயில் அழுத்தம், தண்ணீர்ச் சூடு, வோல்ட் ஆகியவற்றைக் காட்டும் மூன்று மீட்டர்கள் போதும். டாஷ்போர்டில் ஆயில் எச்சரிக்கை விளக்கு எரியும்போது அழுத்தம் ஏற்கெனவே மிகவும் இறங்கியிருக்கும். மீட்டர் முள்ளோ அழுத்தம் இறங்க இறங்கவே காட்டிவிடும்.

ஆயில் மீட்டரை மின்சார வகையில் வாங்குவது நல்லது. மற்ற வகையில் சூடான ஆயில் மெல்லிய குழாய் வழியாக டாஷ்போர்டு வரை வருவதால், குழாய் விரிசல் விட்டால் ஆயில் காலில் கொட்டும். மீட்டரும் அதன் சென்சாரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். இரண்டின் ஓம் (மின்தடை) அளவு மாறினால் முள் பொய் சொல்லும். சென்சார் மரையின் வழியாகவே எஞ்சினில் எர்த் ஆகும் (மின்சாரம் வண்டியின் உலோகம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும்) என்பதால், மரையில் டெஃப்லான் டேப்பை அடர்த்தியாகச் சுற்றக் கூடாது.

வேலையைத் தொடங்குமுன் பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றுங்கள். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயரிலிருந்து, சிறிய ஃபியூஸ் வைத்து இணைப்பு எடுங்கள். மீட்டர் விளக்கைப் பார்க்கிங் விளக்கோடு சேருங்கள். ஒயர் நுழையும் தகட்டுத் துளையில் ரப்பர் வளையம் கட்டாயம்.

நம் கடற்கரையில் மீட்டரைக் கெடுப்பது பெரும்பாலும் எர்த்தான். உறையைச் சற்று உரித்துப் பார்த்தால், வெளியே பளிச்சென்றிருக்கும் ஒயரின் உள்ளே செம்பு பச்சை பூத்துப் பொடியாக உதிர்வதைக் காணலாம். அதனால் படகுகளுக்கு விற்கும், வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரை வாங்குவதே என் முடிவான பரிந்துரை. பாடியில் பெயின்ட்டைத் தகடு மின்னும்வரை சுரண்டி, லக்கை (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக வளையத்தை) பல் வாஷரோடு இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் பட்டை எர்த் இற்றிருந்தால் மாற்றிவிடுங்கள். அது கெட்டால் புதிய மீட்டரும் தவறாகவே காட்டும்.

எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். நல்ல பேட்டரி நின்ற நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) உள்ள வண்டி எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரையும் காட்டும். ஹெட்லைட்டைப் போட்டதும் வெப்ப முள் துள்ளினால், மீட்டரின் எர்த்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள், 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தை மீண்டும் சுரண்டிப் பொருத்த வேண்டும். இதே சோதனையை ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்பும் செய்யுங்கள்.