நாய்க்கு வாங்கிய மருந்து பூனைக்கு ஆகாது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளில் நாயும் பூனையும் ஒரே வாசலில்தான் வளரும். செம்பனைக்குள் சுற்றிவிட்டு வரும் நாய்மேல் உண்ணி இல்லாத நாளே கிடையாது. போன வருஷம் எங்கள் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று பூனையின் பிடரியிலும் விட்டேன். சாயந்திரம் பார்த்தால் அதன் காது தானாகத் துடிக்கிறது. அப்புறம் கால்கள் வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தன.

நாய்க்கான உண்ணி மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அந்த வேலைக்கான நொதி மிகக் குறைவு. நஞ்சு உடம்பிலேயே தங்கி நரம்பைத் தாக்கும். 'அரை அளவு போட்டால் போதும்' என்பார்கள், அதுவும் தப்பு. மருந்து போட்ட நாய்மேல் ஈரம் காயும்வரை பூனை அதை ஒட்டிப் படுக்கவே கூடாது. தவறிப் பட்டுவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டுக் கழுவி, துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் ஓடவேண்டியதுதான். நாங்கள் ஈப்போவுக்கு ஓடினோம். பூனை பிழைத்துக்கொண்டது.

இன்னொன்று, பூனையின் தோலில் எதைப் பூசினாலும் அது நாக்கு வழியாக வயிற்றுக்குப் போய்விடும். யூகலிப்டஸ் தைலம், தண்ணீரில் ஊற்றினால் பாலாய் வெளுக்கும் கிருமிநாசினி, எதுவும் வேண்டாம்.

அரிப்பைக் காட்டுவதிலும் இரண்டும் வேறு. நாய் பாதத்தைக் கடிக்கும், காதைச் சொறியும், சுவரில் உரசும், வீடே அறியும். பூனையோ யாரும் பார்க்காதபோது நக்கியே வயிற்று முடியை வழித்துவிடும். சத்துக் குறைவு என்று நினைத்து மீன் அதிகமாகப் போடுவோம். முதலில் கழுத்திலும் முதுகிலும் விரலை ஓட்டிப் பாருங்கள். கடுகு சிந்தியதுபோல் பொருக்குகள் தட்டுப்பட்டால் பெரும்பாலும் தெள்ளுப்பூச்சி ஒவ்வாமைதான்.

நாய்த்தோல் முரடு என்பதும் வெறும் நம்பிக்கை. அதன் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியது. அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு நம் தோலுக்கு 5.5 வாக்கில் இருக்கும்; நாய்க்கு ஏறக்குறைய 7. நம் ஷாம்புவை அடிக்கடி போட்டால் தோல் வறண்டு அரிப்புதான் கூடும். சொறிக்குக் கருப்பெண்ணெய், அதாவது வண்டியிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெய், பூசுவது இன்னும் மோசம். அது தோலைப் பொசுக்கும், நக்கினால் நஞ்சு.

பூனையின் மூக்கிலோ பாதத்திலோ ஆறாத புண் இருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள். மலேசியாவில் பூனைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற பூஞ்சை நோய் உண்டு. ஒரு கீறலே போதும். கையுறை போட்டுக்கொண்டு கூடையில் தூக்கிப் போங்கள்.